ஈத்ஜீரோவைக் காணவில்லை

புவெர்த்தோ காராயாவில் நதிக்கென்று ஒரு கணினி இருக்கிறது. படித்துறைக்கு மேலே, தகரக் கூரை போட்ட சிறிய அறையில், ஒரு மரமேசையின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. தண்ணீருக்குள் இறக்கிய குழாயிலிருந்து வரும் கம்பி அதற்கு நீர்மட்டத்தைச் சொல்லும். கணினி மணிக்கொரு முறை அந்த எண்ணைச் சிறு கடிதமாக எழுதி, தலைநகர் அஸூன்சியோனில் உள்ள நதி எச்சரிக்கைத் தேசிய இயக்ககத்துக்கு அனுப்பும். எண் எட்டு மீட்டரைத் தொட்டால், அங்கே உள்ள பெரிய கணினி எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் கம்பத்தில் மாட்டியிருக்கும் சைரனை ஒலிக்கச் செய்யும். சைரனுக்கு இங்கே சுவிட்ச் கிடையாது. அது தலைநகரின் பேச்சை மட்டுமே கேட்கும்.

எட்டு மீட்டர் என்பது எப்படி முடிவானது என்று கேட்பீர்கள். முழு எண் என்பதால் முடிவானது. நதிக்கரைத் தாழ்நிலத்தில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மேட்டுக்கு ஏறி வரும் ஒரே சாலை 7.90-இலேயே மூழ்கிவிடும். இது எழுத்தில் தெரிவிக்கப்பட்டது. 7.90 நினைவில் வைத்துக்கொள்ளக் கடினமான எண் என்று பதில் வந்தது.

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் சுனில்தா ஒவேலார். தினமும் காலையில் படித்துறைக்கு இறங்கி, தண்ணீரில் நட்டிருக்கும் அளவுப் பலகையைக் கண்ணால் படித்து, கணினி சொல்வது சரிதானா என்று பார்ப்பாள். நான் அவளுக்கு இரண்டு வீடு தள்ளி ரேடியோ பழுது பார்க்கிறவன். இதில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அவள் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை நிலையத்தின் மேல் இடி விழுந்தது. கணினி பிழைத்தது, அதன் நெட்வொர்க் அட்டை கருகிவிட்டது. திங்கட்கிழமை காலை தலைநகரிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தான். கருகியதைக் கழற்றினான், வேறொரு பொந்தில் புது அட்டையைச் செருகினான், அதன் பச்சை விளக்கு எரியவில்லை என்பதையும் பார்த்தான்.

“எரியலையே?” என்றாள் சுனில்தா.

“அட்டை மாத்தறது என் வேலை, செஞோரா. எரிய வைக்கறது வேற டிபார்ட்மென்ட்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

இங்கே சற்று நிறுத்தி, ஏன் எரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அழகான விஷயம் அது. அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸ். லினக்ஸில் ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் ஒரு பெயர் உண்டு. பழைய அட்டைக்கு இயக்ககமே ஈத்ஜீரோ என்று பெயர் வைத்து, “ஈத்ஜீரோவை எழுப்பு, அதன் வழியாகப் பேசு” என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. புது அட்டைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அப்படி ஒரு அநாதை வந்தால், லினக்ஸ் அது எந்தப் பொந்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, தெருப்பெயரும் கதவு எண்ணும் சேர்ந்ததுபோல் ஒரு பெயரைத் தானே சூட்டிவிடும்: என்பி-த்ரீ-எஸ்-ஜீரோ. ஆகவே ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கணினி கோப்பைப் படித்து, செத்துப்போன ஈத்ஜீரோவைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. உயிரோடு இருக்கும் அட்டையோ பக்கத்திலேயே, தன் பெயர் வருமென்று காத்திருந்தது. கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

சுனில்தாவுக்கு இது தெரியும். இயக்ககமே அவளைத் தலைநகருக்கு அழைத்து இரண்டு வாரம் பாடம் நடத்தியிருந்தது. அட்டைகளின் பட்டியலைக் கேட்டாள். புதுப் பெயர் திரையில் வந்தது. கோப்பைத் திறந்தாள், பழைய பெயர் இருந்தது. ஆனால் அந்தக் கோப்பை மாற்றும் உரிமை மேலிடத்துக்கு மட்டும். மேலிடத்தின் குரலில் கட்டளையிட சூடோ என்றொரு சொல் உண்டு. திங்கள் மதியம் அதைத் தட்டினாள். திரை சொன்னது:

‘சுனில்தா அதிகாரம் பெற்றோர் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.’

எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை தட்டினாள். சம்பவம் மூன்று ஆயிற்று. தொடர்பு இல்லாததால் மூன்று அறிக்கைகளும் வெளியே போக முடியாமல், மணிக்கொரு நீர்மட்டக் கடிதங்களுக்கு இடையில், வரிசையில் நின்றன. முதலில் எழுதியது முதலில் போகும் என்பது அந்த வரிசையின் விதி.

அப்போது நதி 6.10. மேற்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது.

அவள் உதவி மையத்துக்குப் போன் செய்தாள்.

“நெட்வொர்க் போயிடுச்சு, செஞோரித்தா.”

“போர்ட்டல்ல புகார் பதிஞ்சீங்களா?”

“போர்ட்டலுக்குப் போகவே நெட்வொர்க் வேணுமே.”

“அதுக்கும் தனிக் கட்டம் வெச்சிருக்கோம். ‘போர்ட்டலுக்கு வர இயலவில்லை’ன்னு இருக்கும். அதை டிக் பண்ணுங்க.”

“வர முடிஞ்சாத்தானே டிக் பண்றது?”

“இதுவரைக்கும் ஒருத்தர்கூட அந்தக் கட்டத்தை டிக் பண்ணினதில்ல. அவ்வளவு நல்லா ஓடுது சிஸ்டம்” என்றது குரல், உண்மையான பெருமையோடு. “ரொம்ப அவசரம்னா நுழைவு மேசைல நேர்ல மனு கொடுங்க.”

நுழைவு மேசை அஸூன்சியோனில் இருக்கிறது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். செவ்வாய் விடியலில் பலகையைப் படித்துவிட்டு (6.55) அவள் கிளம்பினாள்.

நுழைவு மேசைக்காரர் அவளுடைய ஒரு தாள் மனுவை வாங்கி, இரண்டு துளை போட்டு, நூல் கோத்து முடிச்சிட்டு, மூலையில் ‘தாள் 1’ என்றும் அதன் கீழே எழுத்தில் ‘ஒன்று’ என்றும் எழுதி, இரண்டு முத்திரை குத்தினார்.

“இனிமே இது காகிதம் இல்லம்மா, கோப்பு. காகிதம்னா தொலையும். கோப்பு தொலையாது. லேட்டாகும், அவ்வளவுதான்.”

கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடியில் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ரெகால்தேயிடம் போனாள்.

“செஞோர் ரெகால்தே…”

“லிசென்சியாதோ” என்று திருத்தினார் அவர். பட்டம் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது. “லிசென்சியாதோ ரெகால்தே. உட்காருங்க. என்ன தொந்தரவு?”

“எங்க நிலையத்துக்குத் தொடர்பு போயிடுச்சு, லிசென்சியாதோ.”

அவர் அன்போடு சிரித்தார். “நான் பொறுப்புக்கு வந்து பதினேழு வருஷம். ஒரு நிலையம் தொடர்பு இழந்துச்சுன்னு எனக்கு ஒரு தகவல் வந்ததில்ல. எப்படி வரும்? தொடர்பு இழந்த நிலையம் தகவல் அனுப்ப முடியாதே! இதைத்தான் நாங்க உறுதியான கட்டமைப்புன்னு சொல்றோம். வாங்க, காட்டறேன்.”

சுவர் முழுக்க ஒரு திரை. நாட்டின் நதிகள் அதில் கோடுகளாக ஓடின. புவெர்த்தோ காராயா என்ற இடத்தில் பச்சைப் புள்ளி: 5.90. நிலையானது.

“இது சனிக்கிழமை எண்” என்றாள் சுனில்தா.

“ஆமா. புது எண் வரலைன்னா சிஸ்டம் கடைசி எண்ணையே திரும்பப் போட்டுக்கும். முன்னாடி காலியா விட்டுச்சு. மினிஸ்டர் வந்தப்போ, காலியா இருக்கறது பார்க்க அசிங்கமா இருக்குன்னாரு. இப்போ பாருங்க, நாட்டுலயே ஒழுக்கமான நதி உங்களோடது. மூணு நாளா ஒரு சென்டிமீட்டர் நகரல.”

“காலைல நான் பார்த்தேன், லிசென்சியாதோ. ஆறு அம்பத்தஞ்சு.”

“நீங்க பார்த்தது கருத்து. இங்க வந்து சேர்ந்தது தரவு. ரெண்டையும் கலந்தா அறிவியல் என்னத்துக்கு ஆகும்?”

அவள் திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்னு ஒரு செய்தி வருதே… அந்த மேலிடம் யாரு?”

“நான்தான்!” ரெகால்தேயின் முகம் மலர்ந்தது. “ஒரே நிலையத்துலேர்ந்து மூணு சம்பவம் வந்தா அது தாக்குதல். சிஸ்டம் அந்த நிமிஷமே நிலையத்தைத் துண்டிச்சிட்டு சைரன் அடிச்சிடும். எங்க சைரனுக்கு ரெண்டு ஆபத்துதான் தெரியும். ஒண்ணு எட்டு மீட்டர் தண்ணி. இன்னொண்ணு இயக்ககத்தோட உடைமை மேல யாராவது கை வைக்கறது. தண்ணிக்கு ரெண்டு கையெழுத்து வேணும், இருபது நிமிஷம் ஆகும். உடைமைக்குக் கையெழுத்தே வேணாம். இதுவரைக்கும் ஒரு சம்பவம்கூட வந்ததில்ல, பாவம். வருஷா வருஷம் சோதனை பண்ணி எண்ணெய் போட்டு வெச்சிருக்கோம்.”

சுனில்தா கோப்பின் நூல் முடிச்சைத் தடவிக்கொண்டே, “ஓஹோ” என்றாள்.

ஒரு சொல்லை மாற்ற அவர் சம்மதித்தார். ஆனால் அந்தச் சொல் அவருடையதல்ல, உடைமைப் பிரிவுடையது. முதல் மாடியில் அதன் தலைவி தொக்தோரா இன்சௌரால்தே கோப்பைப் புரட்டினார். இப்போது அதில் ஒன்பது தாள்கள்.

“ஈத்ஜீரோங்கறது சொல் இல்லம்மா. சொத்து. நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணாம் எண். கோப்புலேர்ந்து அதை அழிக்கறதுன்னா அரசாங்க சொத்தை அழிக்கறது.”

“அது கருகிப்போச்சு, தொக்தோரா. பிளாஸ்டிக் பையில போட்டுக் கொண்டு வந்திருக்கேன்.”

தொக்தோரா பையைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். “இதுல சொத்து எண் ஸ்டிக்கர் எங்க?”

“அதுவும் கருகிப்போச்சு.”

“அப்போ இது ஈத்ஜீரோன்னு எப்படி நம்பறது? இது ஏதோ ஒரு கரி. சட்டப்படி ஈத்ஜீரோவைக் காணவில்லை. உங்க ஊர் போலீஸ்ல புகார் எழுதி வாங்கிட்டு வாங்க.”

புதன் காலை நதி 7.05. படித்துறையின் கீழ்ப் படிகளைக் காணோம். எங்கள் காவல் நிலையத்தில் ஓஃபிசியால் தொலேதோ காணாமல் போனவர்களுக்கான படிவத்தை எடுத்தார். வேறு படிவம் இல்லை.

“பேரு?”

“ஈத்ஜீரோ.”

“அப்பா பேரு?”

“கிடையாது.”

“அடப் பாவமே. கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“சனிக்கிழமை விடியக்காலை.”

“என்ன உடுத்தியிருந்தது?”

“பச்சை. உள்ளங்கை அகலம்.”

தொலேதோ ஒரு கணம் பேனாவை நிறுத்தினார்; பிறகு எழுதினார். “யார் மேலயாவது சந்தேகம்?”

“இடி மேல.”

‘சந்தேக நபர்: இடி. தலைமறைவாக உள்ளார்’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வாசல்வரை வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “சுனில்தா, நிஜமா எவ்வளவு ஏறும்? என் மாமியார் வீடு கீழதான் இருக்கு.”

“கொண்டு வந்துடுங்க, ஓஃபிசியால்.”

“சைரன் அடிக்கட்டும்” என்றார் அவர்.

இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர் புரியாது. வெள்ளம் வந்து வீடு போனால் அரசாங்கம் குடும்பத்துக்குப் பத்துத் தகரத் தகடும் ஆறு பிளைவுட் பலகையும் தரும். ஆனால் சைரன் ஒலித்த பிறகு வெளியேறியவர்களுக்கு மட்டும். அதற்கு முன் கிளம்புகிறவர், பதிவேட்டில் ‘சொந்த விருப்பத்தில் வெளியே சென்றவர்’. இரண்டு வருடம் முன்பு சுனில்தா சொன்னாள் என்று அவள் அக்கா தெயோலிந்தா முன்கூட்டியே மேட்டுக்கு வந்தாள். அந்த முறை சைரன் ஒலிக்கவே இல்லை. வீட்டின் பாதிச் சுவர் போனது. ஒரு தகடும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கச் சுவர் இன்றும் பழைய கோணித்துணிதான்.

வியாழன் காலை சுனில்தா கீழே போனாள். 7.60. தெயோலிந்தா தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றி, துணிமூட்டைகளைக் கட்டி, அவற்றின்மேல் உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

“தெயோ, கிளம்பு.”

“சைரன் அடிச்சுதா?”

“அடிக்காது. அது மிஷின் பேச்சைத்தான் கேக்கும். மிஷினுக்கு வாய் போயிடுச்சு.”

“போன தடவை உன் வாயைக் கேட்டேன், சுனி. கோணித்துணிக்குள்ள ரெண்டு குளிர்காலம் போச்சு.” கத்தியை வாசல் பக்கம் நீட்டினாள். “இந்தத் தெருவே மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கு. ஒருத்தரும் முதல்ல எழுந்திருக்க மாட்டாங்க. நீ கவர்மென்ட் ஆளு. அதை அடிக்க வையேன்?”

சுனில்தா மேடேறி வந்து தலைநகருக்குப் போன் செய்தாள். போலீஸ் புகார் ஃபேக்ஸில் போய்ச் சேர்ந்திருந்தது. தொக்தோரா அதைப் படித்திருந்தார்.

“நல்லா எழுதியிருக்காங்க. ஆனா பாருங்க, காணவில்லைன்னா திரும்பி வரவும் வாய்ப்பிருக்கு. தொண்ணூறு நாள் காத்திருக்கணும்.”

“தொக்தோரா, இங்க ஏழு அறுபது.”

“அவசரப்பட்டு அதோட இடத்துல வேற பேரை எழுதிட்டீங்கன்னு வைங்க. நாளைக்கு அது திரும்பி வந்தா என்ன பதில் சொல்லுவீங்க?”

மதியம் இரண்டு மணி. ஊர் உறங்கும் நேரம். அன்று யாரும் உறங்கவில்லை. மழை இல்லை, காற்றும் இல்லை. நதி வேலிக்கம்பங்களையும் ஒரு கன்றுக்குட்டியையும் சத்தமில்லாமல் கொண்டுபோனது. பலகையில் 7.80.

சுனில்தா பயிற்சி நோட்டைத் திறந்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் ஆசிரியர் சொன்னது அப்படியே இருந்தது: ‘இதை ஒருபோதும் செய்யக் கூடாது. எப்படிச் செய்யக் கூடாது என்பதை எழுதிக்கொள்ளவும்.’

அதன் வழி இதுதான். கணினி விழிக்கும்போது முதலில் எழுப்புவது ஒரு காவல்காரனை. அவன் எழுந்து ஒவ்வொரு கதவாகப் பூட்டி, யார் யாருக்கு எது என்று பிரித்துவிடுவான். ஆனால் அவன் எழுவதற்கு முன் சில நொடிகள் உண்டு. அப்போது ஒரு விசையை அழுத்திக் கணினியை அங்கேயே நிறுத்தி, “காவல்காரன் வேண்டாம், வெறுமே கட்டளை கேட்கும் ஓர் ஆளை எழுப்பு” என்று ஒரு வரி சேர்த்தால், கணினி மறுப்பு சொல்லாது. பூட்டு இன்னும் பிறக்கவில்லை. அந்த நேரத்தில் கணினிமுன் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரே மேலிடம்.

அவள் மேலிடமானாள். கோப்பைத் திறந்து ஈத்ஜீரோவை அழித்து, என்பி-த்ரீ-எஸ்-ஜீரோ என்று எழுதினாள். நான்கு நாள் அலைச்சலுக்கு நான்கு விநாடி.

பிறகு, கணினியை மறுபடி எழுப்புவதற்கு முன், கடித வரிசையைப் பார்த்தாள். சனிக்கிழமையிலிருந்து தேங்கியவை எல்லாம் இருந்தன. முன்னால் திங்கள் மதியம் வரையிலான நீர்மட்டங்கள், கடைசி எண் 6.10. அதன் பின்னால் மூன்று சம்பவங்கள். அவற்றின் பின்னால் மீதி நீர்மட்டங்கள், இன்றைய 7.80 வரை.

அவளுடைய விரல் அழிக்கும் விசைமேல் இருந்தது. மூன்று கடிதங்களையும் இப்போது அழித்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. நீர்மட்டங்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும். நதி எட்டைத் தொடும்போது, இரண்டு கையெழுத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் பிறகு, சைரன் ஒலிக்கும். அதற்குள் சாலை மூழ்கியிருக்கும். அழிக்காவிட்டால் மூன்றாவது சம்பவத்தோடு நிலையம் துண்டிக்கப்படும். அதற்குப் பிந்திய ஓர் எண்ணும் தலைநகரைச் சேராது. அவள் வேலை போகும். ஆனால் எண்ணெய் போட்டு வைத்திருக்கும் அந்தச் சைரனுக்குக் கையெழுத்து தேவையில்லை.

விரலை எடுத்துவிட்டு, கணினியை எழுப்பினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. வரிசை கரைய ஆரம்பித்தது. சனி, ஞாயிறு, திங்கள். சம்பவம் ஒன்று. சம்பவம் இரண்டு. சம்பவம் மூன்று. அத்தோடு வரிசை நின்றது. எழுபத்து நான்கு கடிதங்கள் அப்படியே கிடந்தன.

நான் கடையில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை மாற்ற நான்கு நாளும் இருபத்திரண்டு தாளும் எடுத்துக்கொண்ட இயக்ககம், தன்மேல் விழுந்த அடிக்குப் பதினோரு விநாடியில் பதில் சொன்னது. சைரன் ஊரையே நடுங்க வைத்தது.

தாழ்நிலம் மொத்தமும் ஒரே சமயத்தில் எழுந்தது. கைவண்டிகள், பன்றிகள், கதவுகள், கட்டில்கள். தொலேதோ மாமியாரை முதுகில் சுமந்து வந்தார். தெயோலிந்தா தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் சாலையைக் கடந்தாள். கடைசிக் குடும்பம் மேலே வந்தபோது 7.94.

போன் அடித்தது. ரெகால்தே மூச்சிரைத்தார். “செஞோரா ஒவேலார்! உங்க நிலையத்து மேல தாக்குதல்!”

“நான்தான் பண்ணினேன், லிசென்சியாதோ. எட்டைத் தொடப் போகுது. ஜனங்க மேல வந்துட்டாங்க.”

“எந்த ஜனங்க? எதுக்கு வந்தாங்க?” காகிதங்கள் புரளும் சத்தம். “நதி ஆறு பத்துல நிலையா இருக்கே. அது உடைமைக்கான சைரன், தண்ணிக்கானது இல்ல. உடனே எல்லாரையும் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்க.”

சுனில்தா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தாழ்நிலத்து வீடுகளில் நதி முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் வெளியேறிக்கொண்டிருந்தது.

“எந்த வீட்டுக்கு, லிசென்சியாதோ?” என்றாள்.

ஒன்பது நாள் கழித்து விசாரணைக் குழு வந்தது. சாலை இன்னும் வெளிவராததால் படகில் வந்தது. மூன்று பேர், ஒரு முத்திரைப் பெட்டி, ஒரு நூல்கண்டு. மேட்டில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்குக் கீழே இருந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை எண்ணி, ‘சொந்த விருப்பத்தில் வெளியே சென்றோர்’ என்று எழுதிக்கொண்டார்கள். ஒலித்தது தண்ணீருக்கான சைரன் அல்ல, அதனால் தகடு இல்லை. சுனில்தாவின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிறகு நிலையத்துக்குள் போய், சேதமான உடைமையை முன்பிருந்த நிலைக்கே மீட்டார்கள். அதாவது கோப்பைத் திறந்து, என்பி-த்ரீ-எஸ்-ஜீரோவை அழித்து, மறுபடி ஈத்ஜீரோ என்று எழுதினார்கள். பச்சை விளக்கு அணைந்தது. ‘நெட்வொர்க் தொடர்பு மூல நிலைக்கு மீட்கப்பட்டது’ என்று சான்றிதழ் எழுதி, மூன்று பேரும் கையெழுத்திட்டு, கதவுக்குக் குறுக்கே தாள் ஒட்டி முத்திரை வைத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் கீழே இறங்கினார்கள். வேறெங்கே போவார்கள்? தெயோலிந்தா இப்போது இரண்டு பக்கச் சுவருக்குக் கோணித்துணி கட்டியிருக்கிறாள்.

போன வாரத்திலிருந்து மேற்கே மறுபடி கறுத்திருக்கிறது. சுனில்தா சம்பளம் இல்லாமலே தினமும் காலையில் பலகையைப் படிக்கிறாள். படித்து என்னிடம் சொல்கிறாள். நேற்று 6.70. இன்று 7.25. தெயோலிந்தா மெஷினைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, எங்கள் தெருவரை வந்து கேட்டாள்:

“போன தடவை அடிச்ச மாதிரியே அடிக்கும்ல, சுனி?”

சுனில்தா படித்துறைப் பக்கம் பார்த்தாள். கதவில் முத்திரைத்தாள் ஈரத்தில் உப்பியிருந்தது. அதன் பின்னால், இருட்டு அறையில், கணினி மணிக்கொரு கடிதம் எழுதி அடுக்கிக்கொண்டிருக்கும். அஸூன்சியோனின் பெரிய திரையில் எங்கள் நதி 6.10-இல், பச்சையாக, நிலையாக நிற்கிறது.